சித்தூர், திருப்பதி வேலிகளில் படரும் அந்நியக் கொடிகள்: குளிர்காலத்தில் அடையாளம் காண்பது எப்படி?

சித்தூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், இரண்டு வருடம் முன்பு ஒரு டிசம்பர் மாதம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். சுத்தமாக மழிக்கப்பட்ட வேலி. "கொடி ரொம்பப் படர்ந்துபோச்சு. ஆள் விட்டு எல்லாத்தையும் எடுத்தாச்சு" என்று கீழே ஒரு வரி. வேலைக்கு வந்தவர்கள் மெல்லிய கொடிகளை வேரோடு பிடுங்கி எறிந்திருக்கிறார்கள். மணிக்கட்டு பருமனுக்கு இருந்த ஒரு கொடியை மட்டும் தோண்ட முடியாமல் தரையோடு வெட்டி விட்டிருக்கிறார்கள். அடுத்த மழைக்கு அந்த அடிக்கட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் துளிர்த்துவிட்டன. பிடுங்கிய மெல்லிய கொடி திரும்ப வரவே இல்லை. அது நன்னாரி. திரும்பி வந்தது மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட ரப்பர் கொடி.

அதாவது, காசு கொடுத்து நம்ம கொடியை ஒழித்து, அந்நியக் கொடிக்கு இடம் காலி பண்ணிக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் ஊரில் ஒரு தோப்போ, வீட்டுக்குப் பின்னால் ஒரு வேலியோ இருந்தால், இந்தக் குளிர்காலம் அதைப் பார்க்க நல்ல நேரம்.

கூகுள் காட்டும் குளிர்காலம் வேறு

'குளிர்காலத்தில் கொடிகளை அடையாளம் காண்பது' என்று தேடினால் வருவதெல்லாம் அமெரிக்க, ஐரோப்பியக் குறிப்புகள். அங்கே குளிர்காலம் என்றால் இலையே இல்லாத காலம். அதனால் பட்டை, மொட்டு, கொடி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள். விஸ்டீரியாவில் சீன இனம் ஒரு பக்கமும் ஜப்பானிய இனம் எதிர்ப்பக்கமும் சுற்றும் என்பது அங்கே பிரபலமான குறிப்பு. நமக்கு இது அதிகம் உதவாது.

சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உண்டு. 2021 நவம்பரில் கபில தீர்த்தத்தில் வெள்ளம் கொட்டிய வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் இந்த மழைதான். ஆகவே ஜனவரியில் இங்கே வேலிகள் பச்சையாகவே இருக்கும். மழையில் வளர்ந்த கொடிகளில் பூவும் காயும் தெரியும். பிப்ரவரி, மார்ச் நெருங்கும்போது மலையில் உள்ள இலையுதிர் மரங்கள் ஒவ்வொன்றாக மொட்டையாகும். மரம் மொட்டையான பிறகும் அதன் மேல் ஒரு பச்சைப் போர்வை மட்டும் மிச்சம் இருந்தால், அது மரத்தின் இலை இல்லை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். (கிளையின் நடுவில் கொத்தாக, உருண்டையாக நின்றால் அது பெரும்பாலும் புல்லுருவி. மாமரத்தில் சகஜம். அது கொடியே இல்லை, கிளைக்குள் வேர்விட்டு வாழும் ஒட்டுண்ணி.)

அமெரிக்கக்காரருக்கு இலை இல்லாததால் குளிர்காலம் கஷ்டம். நமக்கு காய் இருப்பதால் அதுதான் சுலபம். கொடிகளைப் பொறுத்தவரை இலை ஏமாற்றும், காய் ஏமாற்றுவது குறைவு.

எது அந்நியம், எது ஆக்கிரமிப்பு?

வெளிநாட்டிலிருந்து வந்த எல்லாமே எதிரி இல்லை. மிளகாயும் தக்காளியும்கூட வந்தவைதான். தானாகப் பரவி, உள்ளூர்த் தாவரங்களின் இடத்தைப் பிடித்துக்கொள்வதைத்தான் 'ஆக்கிரமிப்பு இனம்' என்கிறோம். 2023 செப்டம்பரில் ஐ.நா. ஆதரவில் இயங்கும் ஐபிபெஸ் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, மனிதர்களால் புதிய இடங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு நிலைத்துவிட்ட இனங்கள் 37,000-க்கும் மேல் என்றது. அவற்றில் பாதிப்பை ஏற்படுத்துபவை 3,500-க்கும் மேல். அதாவது பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அவை ஏற்படுத்தும் இழப்பு 2019-ல் மட்டும் 42,300 கோடி டாலரைத் தாண்டியது என்பது அதே அறிக்கையின் கணக்கு.

ஆக்கிரமிப்பு என்பது செடியின் குணம் மட்டுமல்ல, இடத்தையும் பொறுத்தது. நம்ம ஊர் வேலியில் சாதுவாகக் காய்த்துப் பொரியலாகும் கோவை, ஹவாயிலும் குவாமிலும் மரங்களை மூடும் மோசமான ஆக்கிரமிப்புக் கொடி. அங்கே அதை ஒழிக்கப் பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.

பெரிய கொடி என்றாலே ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். தலக்கோனா அருவிக்குப் போனவர்கள், மரத்துக்கு மரம் தாவி நிற்கும் ஒரு ராட்சதக் கொடியைப் பார்த்திருப்பார்கள். அதன் அடி மரத்தண்டு போல இருக்கும், காய் ஒரு மீட்டருக்கும் நீளம். தெலுங்கில் கில்ல தீக என்பார்கள், தாவரவியலில் என்டாடா. அது இந்தக் காட்டுக்கே உரியது. ஸ்ரீவெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989-ல் அறிவிக்கப்பட்டது. அதையும் உள்ளடக்கிய, சுமார் 4,756 சதுர கிலோமீட்டர் பரப்பு 2010-ல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமானது. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரத்தின் தாய்வீடு இந்த மலைகளும் இவற்றை ஒட்டிய தெற்குக் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதியும்தான். செம்மரம் வெயிலை விரும்பும் மரம். அதன் கன்றுகள் மேல் கொடி படர்ந்து வெளிச்சத்தை மறைத்தால் வளர்ச்சி நின்றுபோகும்.

ரப்பர் கொடி: பால் வந்தாலே வெட்டிவிடாதீர்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

ரப்பர் கொடியின் தாவரவியல் பெயர் கிரிப்டோஸ்டீஜியா கிராண்டிஃப்ளோரா. கருடப்பாலை என்றும் சொல்வார்கள். தென்மேற்கு மடகாஸ்கர்தான் தாயகம். பாலில் ரப்பர் இருப்பதால் பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஆசிய ரப்பர் கிடைக்காமல் போனபோது, அமெரிக்கா ஹெய்ட்டியில் இதைப் பெரிய அளவில் பயிரிட்டுப் பார்த்து 1944-ல் கைவிட்டது. ரப்பர் தொழில் போய்விட்டது, கொடி மட்டும் தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஆற்றங்கரை மரங்களை மூடி, அந்த நாட்டின் மிக மோசமான களைகள் பட்டியலில் இடம்பிடித்தது. 1990-களில் மடகாஸ்கரிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து விட்டுத்தான் அங்கே அதைக் கொஞ்சம் அடக்கினார்கள்.

இலை எதிரெதிராக இருக்கும். தடிமன், பளபளப்பு, கரும்பச்சை. நடு நரம்பு பல சமயம் செம்பழுப்பாகத் தெரியும். பிடிக்க எதுவும் இல்லாவிட்டாலும் சாட்டை போல நீண்ட கிளைகளை வெளியே நீட்டும். பூ பெரிதாக, புனல் வடிவில், வெளிர் ஊதா கலந்த வெள்ளையில் இருக்கும். நர்சரியில் வாங்கும் ஊதா அலமாண்டாவின் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஒடித்தால் வெள்ளைப் பால்.

பிரச்சினை இந்தப் பாலில்தான். நன்னாரியை ஒடித்தாலும் பால் வரும். மாகாளிக் கிழங்குக் கொடியிலும் வரும், வேலிப்பருத்தியிலும் வரும். எல்லாவற்றுக்கும் எதிரெதிர் இலை. எல்லாவற்றுக்கும் காய் இரட்டையாகத்தான் வரும். இது தற்செயல் இல்லை. நான்கும் ஒரே குடும்பம். அதிலும் ரப்பர் கொடி, நன்னாரி, மாகாளி மூன்றும் அந்தக் குடும்பத்துக்குள் ஒரே உட்குடும்பம். சித்தி, பெரியம்மா பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆகவே காயைப் பாருங்கள். ரப்பர் கொடியின் காய்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில், கொம்பு போல விறைத்து நிற்கும். ஒவ்வொன்றும் சுமார் 10 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளம். முக்கியமாக, காய் உருண்டையாக இருக்காது. முகடு வைத்த மூன்று பக்கக் கட்டைபோல இருக்கும், விரலால் தடவினால் விளிம்பு தெரியும். நன்னாரியின் காய் பென்சிலை விட மெல்லிய குச்சி. கொடியும் நூல் மாதிரிதான் இருக்கும். இலையின் நடுவில் பல சமயம் வெள்ளைக் கோடு ஓடும். பூ இலைக்கக்கத்தில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது. வேலிப்பருத்தியின் காய் மேல் மென்மையான முள் முள்ளாக இருக்கும். இலை இதய வடிவம், தொட்டால் ரோமம், கசக்கினால் ஒரு வாடை. அதைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம்.

கஷ்டமானது மாகாளி. இதுவும் கட்டைக்கொடிதான், தூரத்திலிருந்து ரப்பர் கொடியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். வித்தியாசம் பூவில் இருக்கிறது: மாகாளியின் பூ சிறியது, கொத்தாக வரும். ரப்பர் கொடியின் பூ ஒன்றே உள்ளங்கையில் பாதியை நிறைக்கும். வேரை லேசாகக் கிளறி முகர்ந்து பார்த்தால் சந்தேகமே வராது. மாகாளி ஊறுகாய் ஜாடியைத் திறந்த அதே மணம்.

இந்தக் கொடியை இழப்பது சாதாரண இழப்பு இல்லை. மாகாளி தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரியது. கிழங்குக்காக வேரோடு தோண்டி எடுப்பதால் காடுகளில் குறைந்துகொண்டே வருகிறது. தெலுங்கில் இதை மாரேடு கொம்முலு என்பார்கள். நன்னாரி என்ற பெயரில் விற்கும் வேரிலும் சர்பத்திலும் பல இடங்களில் இதுதான் கலந்திருக்கும். சித்தூரில் தோட்ட வேலைக்கு வருபவர் தெலுங்கு பேசுவார், நீங்கள் தமிழில் 'நன்னாரி' என்பீர்கள், அவர் 'சுகந்தி பால' என்பார். இந்தப் பெயர்க் குழப்பத்தில் கொடியும் போய்விடும். வெட்டச் சொல்வதற்கு முன் அவரையே ஒரு தடவை கேளுங்கள். மலையடிவாரத்தில் வளர்ந்த ஒருவருக்கு உங்கள் போனில் இருக்கும் ஆப்பை விட அதிகம் தெரியும்.

சிறுபூனைக்காலி

வேலியோரத்தில் சிறு வயதில் பறித்துத் தின்ற, வலைப்பையில் போட்டு வைத்த மாதிரி இருக்கும் மஞ்சள் பழம் ஞாபகம் இருக்கிறதா? அதுதான். பேஷன் ஃப்ரூட்டின் காட்டு உறவு, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. மூன்று மடலாகப் பிரிந்த ரோம இலை, கசக்கினால் துர்நாற்றம், இலைக்கக்கத்திலிருந்து ஸ்பிரிங் போலச் சுருளும் பற்றுக்கம்பி. காயைச் சுற்றியிருக்கும் அந்தப் பச்சை வலைதான் உறுதியான அடையாளம். அதில் பிசுபிசுப்பான சுரப்பிகள் இருக்கும், சிறு பூச்சிகள் ஒட்டிக்கொள்ளும்.

இதைக் கோவையோடு குழப்பிக்கொள்வது உண்டு. கோவையில் ரோமம் இல்லை, வாடை இல்லை, பழம் சிவப்பு, வலை கிடையாது. முடக்கத்தானுக்கும் பற்றுக்கம்பி உண்டு, ஆனா அதன் காய் காற்றடைத்த மூன்று மூலைப் பை. தோசை மாவில் போட வேண்டியதைக் களைக்கொல்லிக்குப் பலி கொடுக்காதீர்கள்.

சிறுபூனைக்காலியை நான் பெரிய வில்லனாகப் பார்ப்பதில்லை. வேர் ஆழமில்லை, கையால் பிடுங்கினால் வந்துவிடும். ஒன்று மட்டும்: பழுத்த பழத்தைத் தின்பார்கள், பச்சைக் காய் விஷத்தன்மை கொண்டது. குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

பால்கனியிலிருந்து போவது

எல்லாக் கொடியும் கப்பலில் வரவில்லை. சில நம் நர்சரி பில்லில் வருகின்றன. கேட்டின் மேல் ரோஸ் நிறத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் கோரல் வைன் மெக்சிகோவைச் சேர்ந்தது. இதய வடிவ இலை, பூங்கொத்தின் நுனியே பற்றுக்கம்பியாக நீளும். அழகுதான், தேனீயும் வரும். ஆனால் மண்ணுக்கடியில் கிழங்கு வைக்கும், மேலே வெட்டினால் திரும்ப வரும், காய்கள் தண்ணீரில் மிதந்து போகும். ஸ்வர்ணமுகி ஆற்றங்கரையோ ஏரிக்கால்வாயோ பக்கத்தில் இருந்தால் நடாமல் இருப்பதே நல்லது. மஞ்சள் பூவோடு சுவரைப் பற்றி ஏறும் பூனை நகக் கொடியும் அப்படித்தான். இரண்டு இலைக்கு நடுவில் மூன்று கொக்கி வைத்த நகம் இருந்தால் அதுவே. தென்னாப்பிரிக்காவும் ஆஸ்திரேலியாவும் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

மஞ்சள் நூல் போர்த்தியிருந்தால்

இலையே இல்லாமல், யாரோ நூடுல்ஸைக் கொட்டியது போல ஒரு செடி மேல் மஞ்சள் நூல் பின்னிக் கிடந்தால் இரண்டு சாத்தியம். ஒன்று கஸ்குடா. இதில் நம்ம ஊர் இனமும் உண்டு, வட அமெரிக்காவிலிருந்து வந்து பயிர்களை அழிக்கும் இனமும் உண்டு. கடலோர ஆந்திராவில் நெல் அறுவடைக்குப் பின் குளிர்காலத்தில் போடும் உளுந்தில் இது பெரிய தலைவலி. இன்னொன்று கொத்தான், நம்ம மண்ணின் கொடி. கஸ்குடாவில் சிறு வெள்ளைப் பூக்கள் உருண்டைக் கொத்தாக நெருங்கியிருக்கும். கொத்தான் சற்றுப் பச்சை கலந்து முரடாக இருக்கும், தனித்தனியாக மிளகு அளவில் உருண்டைக் காய் வைக்கும். பயிரில் கஸ்குடா என்று உறுதியானால், அது பற்றியிருக்கும் செடியோடு சேர்த்தே எடுக்க வேண்டும். ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் மறுபடி பற்றிக்கொள்ளும். விதை மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும்.

கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆனா இது அதுவல்ல

கேரளத்தில் 'திருதராஷ்டிரப் பச்சை' என்று ஒரு கொடி உண்டு. தழுவியே கொல்வதால் அந்தப் பெயர். மிக்கானியா என்ற இந்தக் கொடி அசாமிலும் கேரளத்திலும் தேயிலை, வாழைத் தோட்டங்களைப் படுத்துகிறது. அதற்கு ஈரம் நிறைய வேண்டும். ராயலசீமாவின் வறண்ட வேலியில் பச்சைப் போர்வையைப் பார்த்ததும் முதலில் அதன் பெயரைச் சொல்லாதீர்கள். உண்ணிச்செடியும் கொடி அல்ல, புதர்தான். ஆனால் மரம் கிடைத்தால் சாய்ந்து மேலே ஏறிவிடும். தண்டு சதுரம், முள் உண்டு.

தரவு பற்றி ஒரு வார்த்தை, என் தொழில் அது. இந்தியாவின் புலி வாழும் காடுகளில் உண்ணிச்செடி சுமார் 1,54,000 சதுர கி.மீ. பரவியிருக்கிறது என்று 2020-ல் வெளியான ஆய்வு சொன்னது. அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், புலி கணக்கெடுப்பு நடந்த காடுகளில் செடிகளையும் சேர்த்துக் குறித்ததுதான். உங்கள் தோப்பு வேலியை யாரும் அப்படி எண்ணுவதில்லை. ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் வரும் பதிவுகள், போன் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை நடந்த பாதையைத்தான் பெரும்பாலும் காட்டும். அலிபிரியின் 3,550 படிகளை ஒட்டி நூறு பதிவு இருந்து, பக்கத்து கிராமத்தில் ஒன்றும் இல்லை என்றால், கிராமத்தில் கொடி இல்லை என்று அர்த்தமில்லை. நீங்கள் எடுக்கும் படம் அங்கே உண்மையிலேயே ஒரு புதுப் புள்ளி.

ஆனால் ஒற்றை இலையின் அழகான க்ளோஸப் யாருக்கும் உதவாது. இலை தண்டோடு சேரும் இடம், எதிரெதிரா மாறி மாறியா என்பது தெரிய வேண்டும். பற்றுக்கம்பி எங்கிருந்து கிளம்புகிறது, காய் எப்படி என்பதை விரலை அளவுக்கு வைத்து எடுங்கள். ஒடித்த இடத்தில் பால் வந்ததா என்று எழுதுங்கள். தூரத்திலிருந்து ஒரு முழுப் படம் போதும்.

காட்டுக்குள் கத்தி வேண்டாம்

சேஷாசலத்தில் கொடியைப் பார்த்தால் படம் எடுங்கள், வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் எந்தச் செடியையும் வெட்டுவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அது அந்நியக் கொடியாகவே இருந்தாலும். செம்மரக் கடத்தலால் இந்தக் காட்டில் அரிவாளோடு நடமாடுவதே ஆபத்து. 2015 ஏப்ரல் 7-ல் இங்கே ஆந்திர போலீஸின் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

கொள்கை அளவில் அரசு சும்மா இல்லை. 2022-ல் திருத்தப்பட்ட அதே சட்டம், ஆக்கிரமிப்பு அந்நிய இனங்களின் இறக்குமதி, வைத்திருத்தல், பரவல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. தமிழ்நாடு அதே ஆண்டு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனா தனியார் வேலிக்கு எந்தச் சட்டமும் ஆள் அனுப்பாது. அது உங்கள் வேலை.

உங்கள் சொந்த நிலத்தில் இருப்பது ரப்பர் கொடிதான் என்று காயை வைத்து உறுதியாகிவிட்டதா? காய் பிளப்பதற்கு முன் வெட்டுங்கள். ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கான விதைகள், ஒவ்வொன்றுக்கும் பட்டு போல வெள்ளைக் குஞ்சம். காற்றிலும் போகும், தண்ணீரிலும் போகும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், பால் தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆடு மாடுகளுக்கும் இது விஷம், வெட்டியதைத் தீவனத்தோடு கலக்க விடாதீர்கள். தரையோடு வெட்டி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன். அடிவேரைத் தோண்டி எடுக்க வேண்டும். மழை ஈரம் மண்ணில் இன்னும் இருக்கும் டிசம்பர், ஜனவரியில் அது சுலபம், மார்ச்சில் கடப்பாரை இறங்காது. அண்ணன் தோப்பில் போன ஜனவரியில் அப்படித்தான் எடுத்தோம், மூன்று பேருக்கு ஒன்றரை நாள் ஆனது. பறித்த காய்களை வேலியோரம் குவித்து வைக்காதீர்கள். பறித்த பிறகும் காய்ந்து பிளக்கும். சாக்கில் போட்டு வாயைத் தைத்து, விதை வெளியே பறக்காதபடி முழுதாக எரிக்கும் வரை கொட்டகைக்குள்ளேயே வைத்திருங்கள்.